எடுக்க மாட்டார், மேலே வைப்பார்

அந்தக் கடைக்குள் நுழைகிற எவரும் முதலில் கலண்டரில்தான் இடிபடுவார்கள். வாசல் பக்கச் சுவரில் ஒரே ஓர் ஆணி. அதில் இந்த வருஷத்துக் கலண்டர், அதற்கு அடியில் போன வருஷத்தது, அதற்கும் அடியில் அதற்கு முந்தினது என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். பதுளை பஸ் நிலையத்திலிருந்து பையும் குடையுமாக ஓடி வருகிறவர்களின் தோளில் அது நன்றாக ஓர் இடி கொடுக்கும். எனக்கு முதல் தடவையே கோபம் வந்துவிட்டது.

"ஏண்ணே, பழசக் கழட்டிப் போட்டா கொறஞ்சா போயிருவீங்க?"

"கழட்டுனா ஆணியும் சேந்து வந்துரும் தங்கச்சி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இதுதான் அந்த மனுஷன். எதையும் எடுக்க மாட்டார். எதன் மேலும் இன்னொன்றை வைப்பார். அவருடைய அப்பா காலத்தில் அது துணிக்கடை. இவர் கைக்கு வந்ததும் டைப்பிங், போட்டோ கொப்பி, ரீலோட் என்று கொமினிகேஷன் ஆக்கினார். பெயர்ப் பலகையை மாற்றவில்லை. பழைய எழுத்தின் மேல் வெள்ளை பூசி, அதன் மேல் புது எழுத்து. அடைமழை நாளில் பலகை நனைந்ததும் 'புடவை' என்று ஒரு நிழல் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் நாலு பேர் உள்ளே வந்து சேலை விலை கேட்டுவிட்டுப் போவார்கள். அவரும் முழங்கை கிழிந்த ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருப்பார், அதுவும் வேறு இடத்தில் கிழிந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் அவருக்கு நோட்டீஸ் அண்ணே என்று பெயர். லுணுகலைப் பக்கத் தோட்டங்களில் யாராவது செத்துப் போனால், ஒருத்தர் பந்தலுக்கு ஓலை பார்க்கப் போவார், ஒருத்தர் செத்தவர் படத்தை எடுத்துக்கொண்டு பதுளை பஸ் ஏறுவார். போய் இறங்குவது இவர் கடையில்தான். கெட்டிக்காரர் என்பதால் இல்லை. கேள்வி கேட்காமல், அழுகிறவரை உட்காரவைத்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த பஸ்ஸுக்குள் வேலையை முடித்துத் தருவார் என்பதால்.

வேகத்தின் இரகசியம் என்னவென்றால், அவரிடம் இருந்தது ஒரே ஒரு மரண அறிவித்தல். உண்மையாகவே ஒன்றுதான். மேலே நடுவில் பிள்ளையார், சுற்றிவரக் கறுப்புக் கோடு, இடப்பக்கம் படம், வலப்பக்கம் பெயரும் உறவும், கீழே மயானமும் நேரமும். புதிதாக ஒருத்தர் செத்தால் அதே ஃபைலைத் திறந்து, பழைய பெயரின் மேல் புதுப் பெயரை அடிப்பார். படம் மட்டும் வேறு விதம். பழைய படத்தை அழிக்கவே மாட்டார். புதுப் படத்தை அதன் மேல் கொண்டுவந்து வைத்து, மூலையைப் பிடித்து இழுத்து, அடியில் இருக்கிற முகம் மறைகிற வரைக்கும் பெரிதாக்குவார். பிறகு சேவ். முடிந்தது.

"அழிச்சிட்டு வச்சா என்னாண்ணே?"

"எடுத்தா எழுத்து ஓடிரும்."

ஒரு தடவை ஓடியிருக்கிறது. தொழில் தொடங்கிய புதிதில் யாரோ சொன்னார்கள் என்று பழைய படத்தை அழித்தாராம். அடுத்த நொடி எழுத்தெல்லாம் இடப்பக்கம் பாய்ந்து, வரிகள் சிதறி, கடைசி வரி கோட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அந்த வரியில்தான் மயானத்தின் பெயர் இருந்தது. அவர் கவனிக்காமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். ஊருக்குள் இருக்கிற வழக்கமான மயானம் என்று நினைத்து சனமெல்லாம் அங்கே போய் மாலையோடு நிற்க, பிரேதம் வேறொரு மலையில் நாலே பேர் நிற்க அடக்கமாகிவிட்டது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் இறங்கும். "ஒரு மனுசன் அநாதையாப் போனான் தங்கச்சி, எங் கையால." அன்றிலிருந்து எடுப்பதில்லை.

இதனால் வம்பும் வந்தது. நான் போட்டோ கொப்பிக்கு நின்ற ஒரு நாள், ஹாலி-எல பக்கமிருந்து வந்த குடும்பம் ஒன்று நோட்டீஸ் கட்டை மேசையில் வீசியது. புதுப் படம் அளவில் சிறிது. அடியில் இருந்தவரின் காது ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்கப்பாவுக்கு மூணு காதா? பாத்துச் சொல்லுங்க! மூணு காதா?"

அடி விழப் போகிறது என்றுதான் நினைத்தேன். இவர் எழுந்து, கைகூப்பி, மன்னிப்புக் கேட்டு, உட்கார்ந்தார். அந்தக் காதின் மேல் ஒரு வெள்ளைக் கட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். அப்போதும் அடியில் இருந்தவரை எடுக்கவில்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன பிடிவாதம் பிடித்த ஜென்மம் இது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

என் தங்கச்சி காய்ச்சலில் போனபோது நானே படத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவளுக்கு முகம் தெரியும் படம் என்று இருந்தது அது ஒன்றுதான். சின்னதில் லயத்து வரிசை வீட்டு வாசற்படியில் விழுந்து முன்பல் பாதி உடைந்தவள். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். படம் எடுக்கப் போனைத் தூக்கினாலே கையைத் தூக்கிவிடுவாள். கலியாண வீடு, திருவிழா, சுற்றுலா, எந்தப் படத்தைப் பார்த்தாலும் கையும் கண்ணும்தான் இருக்கும். அடையாள அட்டைக்காக லுணுகலை ஸ்டூடியோவில் உட்காரவைத்து, வாயை மூடு, கையை இறக்கு என்று அதட்டி எடுத்த ஒன்றுதான் முழு முகம்.

அதை அவர் ஒரு கிழவர் முகத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார். நான் கத்தினேன். "எந் தங்கச்சிய ஒரு தாத்தா மேல வைக்கிறீங்களே, உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லியா?"

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "தாத்தாவுக்கு அவ ஒண்ணும் பாரமில்ல தங்கச்சி."

நான் அழுதேன். அவர் பிளேன்டீ வாங்கி வந்தார்.

கருமாதி முடிந்த அன்று அம்மா, மிச்சமிருந்த நோட்டீசையெல்லாம் தேடித் தேடி எடுத்து அடுப்பில் போட்டார். சாவு நோட்டீஸ் வீட்டுக்குள் கிடந்தால் அது இன்னொரு சாவைக் கூப்பிடும் என்பது எங்கள் லயத்தில் எல்லாருக்கும் உள்ள பயம். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான், ஒன்றுகூட மிஞ்சவில்லை. சுவரில் ஒட்டியதை மழை தின்றது.

பிறகு அந்த மழையே எங்களையும் தின்ன வந்தது. ஒரு பகல் நேரத்தில் லயத்துக்குப் பின்னால் மலை சரிந்து இறங்கியது. நான் வேலை செய்யும் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா கொழுந்து பறிக்க மலையில். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் காம்பரா அறை இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. பெட்டி, அல்பம், சட்டம் போட்டு மாட்டியிருந்த தங்கச்சி படம், அதையே பதிந்து வைத்திருந்த போன், எல்லாம் அதற்குள்.

தோட்டத்துப் பாடசாலையில் தங்கியிருந்தபோது அம்மா எதையும் கேட்கவில்லை. பாய் கேட்கவில்லை, போர்வை கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அவ மூஞ்சி வர மாட்டேங்குதுடி. கண்ண மூடுனா கைதான் வருது."

ஸ்டூடியோவுக்கு ஓடினேன். இடம் பத்தவில்லை என்று பழசையெல்லாம் அழித்துவிட்டோம் என்றான் ஸ்டூடியோக்காரன். அடையாள அட்டையைச் சாவைப் பதியும்போதே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். சிநேகிதிகளின் போன்களில் எல்லாம் கை, கை, கை. அம்மா நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். சோற்றுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது, மாலை போட ஒரு முகம் இல்லை.

அப்போதுதான் அந்தப் பிடிவாதக்கார மனுஷன் நினைவுக்கு வந்தார். அம்மாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்குள் நுழையும்போது கலண்டர் இடித்தது. திட்டவில்லை. உள்ளே ஏற்கெனவே ஓர் இளைஞன் நின்றுகொண்டிருந்தான், சவரம் செய்யாத முகம், கையில் ஒரு படம். கொழும்பில் கடையில் வேலையாம். அன்று விடிகாலையில் அவனுடைய அப்பா செத்துவிட்டார். மாலைக்குள் அடக்கம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். நோட்டீஸ் அண்ணே நெற்றியைத் தேய்த்தார்.

"அந்தப் புள்ளைக்கு மேல எத்தனையோ பேரு வந்துட்டாங்களே தங்கச்சி."

"அழிச்சிட்டீங்களா?"

அவருக்கு முதன்முதலாகக் கோபம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். "நான் யாரையும் அழிச்சதில்ல."

"அப்ப எடுங்கண்ணே."

"எடுக்கத் தெரியாது எனக்கு. அதுவுமில்லாம ஃபைல் இப்ப ஒரே பாரம். தொறக்கவே மூச்சு வாங்குது. நோண்டப்போயி நின்னுருச்சுன்னா உங்க தங்கச்சியும் போயிரும், இந்தத் தம்பிக்கு நோட்டீசும் இல்ல."

நான் இளைஞனைப் பார்த்தேன். அவனை எப்படிக் கேட்பது? அவனும் அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவன். பெஞ்சில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா எதுக்குக் கண்ண மூடிட்டு இருக்காங்க?" என்று அவன் கேட்டான்.

சொன்னேன்.

அவன் கையிலிருந்த படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தான். "தேடுங்கண்ணே. நான் நிக்கிறேன்."

ஃபைல் திறந்தது. கம்ப்யூட்டரின் காற்றாடி இரைந்தது. வெளியே வானம் கறுத்து, மின்சாரம் ஒரு தடவை கண்ணடித்தது. மூன்று பேரும் மேலே பல்பைப் பார்த்தோம். போகவில்லை, எரிந்தது.

இளைஞன் குனிந்தான். "தேடுற பெட்டியில படத்தத் தேடச் சொல்லி ஒரு குறி இருக்குண்ணே. அந்த மேல் அம்புக்குறியும் ஜீயும். கொழும்புல எங்க கடையில அடிப்பாங்க." அடித்தார்கள். அது போய் நின்ற இடம் பிள்ளையார். மறுபடி அடித்தார்கள். மறுபடியும் பிள்ளையார். வேறு படமே இல்லை என்று சொல்லிவிட்டது.

நான் அண்ணே பக்கம் திரும்பினேன். "போச்சா?"

"இருங்கக்கா," என்றான் அவன். "எழுத்தோட எழுத்தா இருக்கிற படத்தத்தான் அது கண்டுபிடிக்குது போல. இவங்க எல்லாம் எழுத்துக்கு மேல மிதக்கிறவங்க. தேடலுக்கு மாட்ட மாட்டாங்க. கையாலதான் நகத்தணும்."

அண்ணே சுட்டியின் மேல் கை வைத்தார். மேலே இருந்த முகத்தைப் பிடித்து, வலப்பக்கம் மெல்ல இழுத்தார். திரை முழுவதும் வெள்ளையாகி உறைந்தது.

எழுத்து ஓடிவிடுமோ, எல்லாமே போய்விடுமோ என்று நான் சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். அண்ணே பிள்ளையாரை வாய்க்குள் கூப்பிட்டார். வெள்ளை விலகியது. நகர்த்திய முகம் ஓரத்தில் இருந்தது. அது இருந்த இடத்தில் இன்னொரு முகம், மூக்குத்தி போட்ட ஒரு பாட்டி.

அம்மா கண்ணைத் திறந்து எழுந்து வந்தார். "அட, இது தோட்டத்து மேல் பிரிவு கணக்கப்பிள்ளையோட சம்சாரம்!"

பாட்டியை நகர்த்தினார். மறுபடி வெள்ளை, மறுபடி காத்திருப்பு. அடியில் மீசைக்காரர் ஒருவர். "கொழுந்து லொறி ஓட்டுனவரு. பொங்கலுக்கு முந்தி செத்தாரு." அவரையும் நகர்த்தினார். அடியில் கோட்டும் டையும் படத்தில் ஒட்டிவைத்த ஒரு கிழவர், உயிரோடிருந்தபோது கோட்டு போட்டே இருக்க மாட்டார். ஒவ்வொரு முகத்தையும் அம்மா அடையாளம் சொன்னார். தெரியாதவர்களுக்கு "யாரு பெத்ததோ" என்றார். ஓரத்தில் இடம் போதாமல் அண்ணே அவர்களை அடுத்தடுத்துச் சாய்த்து வைத்தார். இதற்கிடையே மின்சாரம் இன்னொரு தடவை கண்ணடித்தது. இளைஞன் மணியைப் பார்த்துவிட்டு மறுபடி திரையின் பக்கம் குனிந்தான்.

அப்புறம் ஒரு முகத்தை நகர்த்தினார். அவள்.

நான் சத்தம் போட்டுவிட்டேன். மூடிய வாய், அதட்டலுக்குப் பயந்த கண், ஸ்டூடியோக்காரன் இறக்கிவிட்ட தோள். என் தங்கச்சிதான். திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது எங்கே என்பதுபோல் காத்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு பெத்ததோ," என்றார்.

அந்த நேரத்தை எனக்கு இப்போதும் நினைக்கப் பயம். அண்ணேயின் கை சுட்டியிலேயே நின்றது. நான் "அம்மா" என்றேன். கிடைத்த பிறகும் இல்லையென்று ஆகிவிடுமோ? பெற்ற பிள்ளையை இப்படியா ஒருத்தி தொலைப்பாள்? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அம்மாவைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

அம்மா இன்னும் கிட்டே போனார். கொழுந்துக் கறை ஏறிய விரல்களை நீட்டினார். உள்ளங்கையைத் திரையில், அந்த முகத்தின் வாய்க்கு மேல் வைத்தார். கண்கள் மட்டும் தெரிந்தன.

"அய்யோ," என்றார். "எம் புள்ள."

கையை எடுத்தார். மறுபடி வைத்தார். எடுத்தார். வைக்கும்போது அவளாக இருந்தவள் எடுத்த பிறகும் அவளாகவே இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை எடுத்துத் தன் முகத்தைப் பொத்திக்கொண்டு, மலை இறங்கிய நாளிலிருந்து அழாத அழுகை எல்லாவற்றையும் அந்தக் கடையிலேயே அழுது தீர்த்தார். நானும் அழுதேன். அந்தப் பையனும் அழுதான், அவன் அப்பாவுக்காக.

அண்ணே தங்கச்சி படத்தை வேறொரு பக்கத்துக்கு எடுத்துப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தார். பிறகு நகர்த்தியவர்களை ஒவ்வொருவராகத் திரும்ப அந்த இடத்துக்கே கொண்டுவந்தார். அவள் மேல் முதல் முகத்தை வைக்கும் முன் கையை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார்.

"இவள மட்டும் வெளிய எடுத்துரவா தாயி? எழுத்து ஓடுனாலும் பரவால்ல. நான் திருத்திக்கிறேன்."

அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மா அச்சடித்த படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தலையாட்டினார்.

"வேணாங்க. எல்லாரும் இருக்காங்க அங்க. அவ தனியா நிக்க வேணாம்."

வைத்தார். கணக்கப்பிள்ளை சம்சாரம், லொறிக்காரர், கோட்டுக்காரர், எல்லாரையும் வைத்தார். கடைசியில் இளைஞனின் சட்டைப் பையிலிருந்த அப்பாவையும் அவர்கள் மேல் வைத்து, மூலையைப் பிடித்து இழுத்து, சேவ் செய்தார். எழுத்து ஓடவில்லை. பையன் நோட்டீஸ் கட்டோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

அதற்குப் பிறகு நாங்கள் புது வீட்டுக்கு வந்து, அம்மா பேச்சுக்குத் திரும்பி, என்னோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். தங்கச்சி படம் சட்டத்துக்குள் சுவரில் இருந்தது. தினமும் விளக்கு வைக்கும்போது அம்மா அந்த வாய்க்கு மேல் ஒரு தடவை கை வைத்து எடுப்பார்.

போன மாசம் பதுளைக்குப் போயிருந்தேன். பஜாரில் ஒரு மின்கம்பத்தில் அந்தக் கறுப்புக் கோடு, அந்தப் பிள்ளையார். பழக்கத்தில் யார் என்று பார்க்கத் திரும்பினேன். அவர். இரண்டு ஸ்வெட்டரும் இல்லாமல், எந்தக் காலத்துப் படமோ, தலைமுடி நிறைய. பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன். மாரடைப்பாம். நோட்டீசை அவர் சம்சாரம்தான் கடைக்குள் உட்கார்ந்து அடித்தாராம், அதே ஃபைலில்.

கிட்டே போய்ப் பார்த்தேன். படம் கொஞ்சம் சிறிதாகிவிட்டது. அவர் காதுக்குப் பக்கத்தில் நூல் அளவுக்கு இன்னொருவரின் கோட்டுத் தோள் நீட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தது, நடுத்தெருவில், கண்ணீரோடு. கடைக்குப் போய் சம்சாரத்திடம் துக்கம் கேட்டுவிட்டு ஒரு நோட்டீஸ் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். வாசலில் கலண்டர் இடித்தது.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். நோட்டீசை வாசல் மாடத்தில், வெளியே வைத்தேன். அம்மா அதைப் பார்த்தார்.

"ஏன் வெளிய வச்ச?"

"சாவு நோட்டீச வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு நீதானம்மா அத்தனையும் அடுப்புல போட்ட?"

"போட்டேன்தான். அதுக்கு?" அம்மாவுக்குக் குரல் ஏறியது. "எம் புள்ளைய இத்தன நாளா பொத்தி வச்சிருந்த மனுசன வெளிய நிறுத்தச் சொல்றியா?"

நோட்டீசை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சுவரிலிருந்து தங்கச்சி படத்தை இறக்கி, அவரை அந்த ஆணியில் முதலில் குத்தி, அவர் மேல் அவளை மாட்டினார். சட்டம் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் முன்னால் நின்றது. நான் நேராக்கப் போனேன்.

"எடுக்காத," என்றார் அம்மா. "அது பாட்டுக்கு இருக்கட்டும்."